ஃபில்டர் அருமை, ஷிஃப்ட் நிற்பதில்லை: என் எச்.எஃப். ரேடியோ அனுபவம்

டிஸ்பிளே பழுதுக்காக அனுப்பியிருந்த எச்.எஃப். ரேடியோ (அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிற்றலையில் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் கருவி) சென்ற வாரம் காவேரிப்பட்டணத்துக்குத் திரும்பி வந்தது. பழுது சரியாகிவிட்டது, ஆனால் சர்வீஸில் முழு ரீசெட் செய்துவிட்டதால், ஆண்டுக்கணக்கில் காதால் கேட்டுக் கேட்டு நான் அமைத்திருந்த ஃபில்டர் (வேண்டிய ஒலியை மட்டும் விட்டு மற்றதை வெட்டும் வடிகட்டி) அளவுகள் அனைத்தும் போய், புதிதாக வாங்கியபோது இருந்த அளவுகளே உட்கார்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் அமைத்த வேலைதான் இதை எழுத வைக்கிறது. மாடலின் பெயரை எழுதவில்லை. ஒரு மோடுக்கு (குரல், மோர்ஸ் போன்ற அனுப்பும் முறைக்கு) மூன்று ஃபில்டர் இடம் கொண்ட ரேடியோவைக் கையாண்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குரலுக்கான எஸ்.எஸ்.பி.க்கு 3, 2.4, 1.8 கிலோஹெர்ட்ஸ், மோர்ஸுக்கான சி.டபிள்யூ.க்கு 1200, 500, 250 ஹெர்ட்ஸ் என்று வரும் அகல அளவுகளை நாம் விரும்பியபடி மாற்றலாம். ஃபில்டரின் விளிம்பு செங்குத்தாக இருக்க வேண்டுமா, சரிவாக இருக்க வேண்டுமா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். முன்பெல்லாம் ஒவ்வோர் அகலத்துக்கும் ஒரு கிரிஸ்டல் ஃபில்டரைத் தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்கு வந்தால் இரைச்சல் ஏறத்தாழ 7 டெசிபல் குறைகிறது. இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த மோர்ஸ் ஒலி அதிலிருந்து பிரிந்து தனியே நிற்கிறது.

ஆனால் குறுகலாக வைப்பது எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் மாலையானால் இடி மழை கூடும். 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) மின்னலின் வெடிப்பொலி ஓயாது. அப்போது 250 ஹெர்ட்ஸ், செங்குத்து விளிம்பு என்று வைத்தால், ஒவ்வொரு வெடிப்பும் ஃபில்டருக்குள் சிறு மணியடித்ததுபோல நீண்டு ஒலித்து, அடுத்து வரும் புள்ளியையும் கோட்டையும் விழுங்கிவிடுகிறது. அதையே 400 ஹெர்ட்ஸ், சரிவு விளிம்பு என்று மாற்றினால் இரைச்சல் சற்றுக் கூடினாலும் எழுத்துகள் முழுதாகக் கேட்கின்றன. கோடைக்கு இந்த அளவு. மழை ஓய்ந்த டிசம்பர் இரவுகளுக்கு 250. இப்படிப் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் தருவதே இந்த ரேடியோவின் பெரும் பலம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். காலை நேரத்தில் 7.090 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி.யில் (இந்த பேண்டில் வழக்கமான எஸ்.எஸ்.பி. வகை) ஒரு பெரியவரைக் கேட்கிறேன் என்று கொள்ளுங்கள். வலு குறைந்த குரல், பெயர் புரிகிறது, ஊர் புரியவில்லை. 7.088இல் வலுவான இன்னொரு நிலையம் பேசத் தொடங்குகிறது. அந்த நிலையத்தின் 300 ஹெர்ட்ஸ் ஒலி என் ஸ்பீக்கரில் 2300 ஹெர்ட்ஸாக, பொருளற்ற கீச்சொலியாக வந்து விழும். 2200க்கு மேல் வெட்டிவிட்டால் அது அடங்கும். 1.8 ஃபில்டரைப் போட்டால் அது 600 முதல் 2400 வரை நிற்கிறது: மேலே கீச்சொலியில் கொஞ்சம் தங்கிவிடுகிறது, கீழே பெரியவரின் குரல் கனம் இழந்து மெலிகிறது. எனவே அகலம் மாறாமல் ஃபில்டரை மேலும் கீழும் நகர்த்தும் ஷிஃப்ட் குமிழைத் திருப்பி 200 ஹெர்ட்ஸ் கீழே இறக்கி, 400 முதல் 2200 வரை ஆக்குகிறேன். கீச்சொலி போய்விடுகிறது, ஊர்ப் பெயர் தெளிவாகக் கேட்கிறது. இந்த ஒரு நொடிக்காகவே இந்த ரேடியோவைக் கொண்டாடலாம்.

பக்கத்து நிலையம் ஓய்ந்ததும் 2.4க்குப் போய், அது மறுபடி தொடங்கியதும் 1.8க்குத் திரும்பினால், ஷிஃப்ட் அழிந்து ஃபில்டர் நடுவுக்கே வந்து நிற்கிறது! அகலத்தைத் தொட்டாலும் அழிகிறது, ஒரு ஃபில்டர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் அழிகிறது. ஃபில்டரின் அகலத்தை நினைவில் வைக்கும் கருவி, அது எங்கே நிற்க வேண்டும் என்பதை ஏன் வைக்கவில்லை? அகலத்தை மாற்றுவதற்கோ தனிக் குமிழ் கிடையாது. திரையை அழுத்திப் பிடித்து, மெனு திறந்து, எண்ணை நகர்த்தி முடிப்பதற்குள் பெரியவர் "ஓவர்" சொல்லிவிடுகிறார். காலை நெட்டில் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் கூட்டத்தில்) பேசுகிறவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

கணினி வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் எஃப்.டி.8 முறையைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. ஒரே 3 கிலோஹெர்ட்ஸுக்குள் வரும் பல நிலையங்களையும் மென்பொருள் பிரித்துக்கொள்வதால், டேட்டா மோடில் அகலத்தை முழுதாகத் திறந்து வைத்தால் போதும். ஃபில்டரால் தீராத தொல்லையும் உண்டு: பக்கத்துத் தோப்பில் வைத்திருக்கும் சோலார் பம்ப்செட் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பகல்நேர இரைச்சலை எந்த ஃபில்டரும் முழுமையாக நீக்காது. அது பேண்ட் முழுதும் பரவி வருவது, குறுக்கினால் குறையும், அவ்வளவே.

அண்மையில் வி.யு.3 (அமெச்சூர் வானொலியின் தொடக்க நிலை) லைசென்ஸ் பெற்ற பாலக்கோட்டு நண்பர், விலை இறங்கியிருக்கிறதே, இதை வாங்கலாமா சார் என்று கேட்டார். இவ்வளவு புகழ்ந்த பிறகும், வேண்டாம் என்றே சொன்னேன். மேல் வெட்டுக்கும் கீழ் வெட்டுக்கும் தனித்தனிக் குமிழ் உள்ள பழைய ரேடியோ கிடைத்தாலும் அதையே வாங்குங்கள் என்றேன். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. அகலத்தை மாற்றும்போது ஷிஃப்டை அழிக்காதபடி தயாரிப்பாளர் மென்பொருளைத் திருத்தினால், நண்பரை நானே அழைத்து வாங்கச் சொல்வேன்.