கியர்பாக்ஸ் வேக சென்சார்: மாற்றிப் பார்ப்பதா, பார்த்து மாற்றுவதா?

ஆட்டோ கியர் காரில் வேக சென்சார் கெட்டுவிட்டது என்ற சந்தேகத்தோடு பினாங்கின் ஜெலுத்தோங்கிலோ பட்டர்வொர்த்திலோ எந்தப் பட்டறைக்குப் போனாலும், நம் முன் வைக்கப்படும் வழிகள் ஏறத்தாழ இரண்டுதான். காரின் கணினியை ஸ்கேன் செய்து, வந்த கோளாறுக் குறியீட்டுக்கு உரிய சென்சாரை உடனே மாற்றிவிடுவது ஒன்று. இன்னும் ஒரு மணி நேரம் செலவிட்டு, கோளாறு சென்சாரில்தானா என்று உறுதிசெய்த பிறகு மாற்றுவது மற்றொன்று. முதல் வழி மலிவாகத் தோன்றுவதால் பெரும்பாலோர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். “அண்ணே, மாத்திப் பாத்துருவோம், சரியாகலன்னா அப்புறம் பாப்போம்” என்று ஃபோர்மேன் சொல்லும்போது அது நியாயமாகவும் படுகிறது. ஆனால் அந்த “அப்புறம்” வரும்போது இரண்டாவது கூலியும் சேர்ந்தே வருகிறது.

கியர்பாக்ஸில் பொதுவாக இரண்டு வேக சென்சார்கள் இருக்கும். ஒன்று எஞ்சினிலிருந்து டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வழியாக உள்ளே வரும் தண்டின் சுழற்சியையும், மற்றொன்று சக்கரங்களை நோக்கி வெளியே செல்லும் தண்டின் சுழற்சியையும் எண்ணுகின்றன. இரண்டையும் வகுத்துப் பார்த்தே எந்த கியர் பிடித்திருக்கிறது, அது வழுக்குகிறதா என்பதைக் கணினி அறிகிறது. ஓர் எண் வராமல் போனால் கணக்கு முறிந்து, கியர் மாறும்போது உதைக்கும், சில கார்களில் வேகமானி விழுந்து எழும், நான்கு வேக கியர்பாக்ஸ் பெட்டிகள் பலவற்றில் கியர் மாறாமல் கார் மூன்றாம் கியரிலேயே ஓடும். பினாங்குப் பாலத்தின் நடுவே இப்படி நேர்ந்தால் பதற்றமாக இருக்கும் என்றாலும், எண்ணெய் சூடேறாமலும் கியர் வழுக்காமலும் இருக்கும்வரை இடது தடத்தில் மெதுவாகக் கரை சேர்ந்துவிடலாம்.

இனி ஸ்கேன் கருவிகளை ஒப்பிடலாம். சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) இணையத்தில் கிடைக்கும் புளூடூத் கருவியைக் கைப்பேசியோடு இணைத்தால் எஞ்சின் குறியீடுகளை நன்றாகவே படிக்கும். ஆனால், பல கார்களில் அது கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழையாமல், “கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு” என்று மட்டும் பொருள்படும் பி0700-ஐக் காட்டிவிட்டு நின்றுவிடும். பட்டறையில் உள்ள முழுமையான கருவியே பி0715, பி0717 என உள்வரும் தண்டின் சென்சாரையும், பி0720, பி0722 என வெளிச்செல்லும் தண்டின் சென்சாரையும் பிரித்துக் காட்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பி0715 என்பது அந்த சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்கிறதே தவிர, சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. அந்தச் சுற்றில் சென்சார், இணைப்பி, கம்பி, கணினி ஆகிய நான்கும் அடங்கும்.

பி0730 என்ற குறியீடு வந்திருந்தால் கதையே வேறு. கியர் விகிதம் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். பெரும்பாலும் சென்சார்கள் ஒழுங்காகவே எண்ணிக்கொண்டிருக்க, உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. இதற்கு சென்சாரை மாற்றுவது காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியை மாற்றுவது போலத்தான். வேறுபாட்டை உறுதிசெய்ய, ஓடும் காரிலேயே நேரடித் தரவைப் பார்க்க வேண்டும். பல நான்கு வேகப் பெட்டிகளில் மூன்றாம் கியர் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்பதால், அந்த கியரில் இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். ஓர் எண் கண் இமைக்கும் நேரத்துக்குச் சுழியமாகிப் பிறகு திரும்பினால் கம்பியிலோ இணைப்பியிலோ தளர்வு இருக்கலாம். எப்போதும் சுழியமாகவே இருந்தால் சென்சார் செத்திருக்கலாம், அல்லது கம்பி அறுந்திருக்கலாம். இரண்டும் வெட்டின்றி ஏறியும் விகிதம் மட்டும் விலகினால் கியர்பாக்ஸையே பார்க்க வேண்டியிருக்கும். படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சி.வி.டி. கார்களில் நிலையான விகிதம் கிடையாது என்பதால், கணினி கேட்கும் விகிதத்தையும் உண்மையில் கிடைக்கும் விகிதத்தையும் ஒப்பிட வேண்டும். அதற்கு அந்தந்த உற்பத்தியாளரின் தரவைப் படிக்கும் கருவி தேவை.

அடுத்தது மல்டிமீட்டர். நான் பார்த்தவரை பலரும் தவறவிடும் படி இதுதான். இரண்டு கம்பி கொண்ட காந்தச் சுருள் சென்சாருக்கு மின்தடையை அளக்கலாம். பொதுவாகச் சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரம் ஓம் போல வரும், துல்லியமான அளவு காருக்குக் கார் மாறும். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. மூன்று கம்பி கொண்ட, காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகை சென்சாரை இவ்வாறு ஓமில் அளப்பதில் பயனில்லை. அதற்கு முதலில் சாவியைத் திருப்பி, இணைப்பியின் கார்ப் பக்கத்தில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயே மின்சாரம் வராவிட்டால் எத்தனை சென்சார்களை மாற்றினாலும் குறியீடு போகாது.

இணைப்பியைக் கழற்றியதும் மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார்ப்பது நல்லது. ஊசிகளில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2017 நவம்பர் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கிக் கைமாறிய கார்களில் இதை முதலில் சந்தேகிக்கலாம். ஊசிகள் சிவந்த எண்ணெயில் நனைந்திருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் சென்சாரின் உடல் வழியாகக் கசிந்து வந்திருக்கிறது, அப்போது சென்சாரை மாற்றுவதில் ஐயமில்லை. காந்தச் சென்சாரின் நுனியில் கரிய பசைபோல உலோகத் துகள் ஒட்டியிருந்தால், துடைத்துப் பூட்டினாலேயே சில நேரங்களில் சரியாகிவிடும். ஆனால் அந்தத் துகள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எஞ்சும்.

உதிரிபாகம் வாங்குவதில் மூன்று தேர்வுகள் உண்டு: உற்பத்தியாளரின் அசல், வேறு நிறுவனத்தின் மாற்றுப் பாகம், ஹாஃப்கட் கடையின் (பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) பழைய பாகம். சென்சார் வெளியே ஒரே போல்ட்டில் நிற்கும் கார்களில், மிட்சுபிஷி நுட்பத்தில் வந்த புரோட்டோன் வீரா போன்றவற்றில், பெயருள்ள மாற்றுப் பாகம் போதும். சரிப்படாவிட்டால் திரும்பக் கழற்றுவது பெரிய வேலையல்ல. பி.எம்.டபிள்யூ. கார்களில் வந்த இசட்.எஃப். 6எச்.பி. போன்ற பெட்டிகளில் சென்சார் உள்ளே மெக்காட்ரானிக் அலகோடு (கட்டுப்பாட்டுக் கணினியும் வால்வுகளும் ஒன்றாக உள்ள பகுதி) சேர்ந்திருக்கிறது. அங்கே எண்ணெயை வடித்து, அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், பாகத்தின் விலையில் மிச்சம் பிடிப்பது வீண். ஹாஃப்கட் சென்சாரை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். நம் காரில் கெட்டுப்போன பாகத்தின் அதே வயதுடைய இன்னொன்றுக்குக் காசு கொடுப்பதாக அது முடியும். மாறாக, உடைந்த இணைப்பிக்கு ஹாஃப்கட் கடைதான் சிறந்த இடம். ஒரு சாண் கம்பியோடு வெட்டிக் கேட்டால் சில வெள்ளிக்குத் தருவார்கள். கடையில் புதிதாகத் தேடினால் முழு வயரிங்கையே வாங்கச் சொல்லக்கூடும்.

வெளியே உள்ள சென்சாரை நாமே மாற்றலாமா என்று கேட்டால், மாற்றலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் எதிர்மின் (-) முனையைக் கழற்ற வேண்டும், சில கார்களில் காற்று வடிகட்டிப் பெட்டியையும் எடுக்க வேண்டியிருக்கும். சென்சாரைப் பிடுங்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது துளை வழியே கியர்பாக்ஸுக்குள் விழும். புதிய ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கியர்பாக்ஸ் எண்ணெய் தடவி, கையால் அழுத்தி உட்கார வைத்த பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் பிளாஸ்டிக் காது உடையும். அதன் பிறகு குறியீட்டை அழித்து, எல்லா கியர்களும் மாறும்வரை ஓட்டி, மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

பட்டறையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், பாகத்தை நாம் இணையத்தில் வாங்கிக் கொண்டுபோவதை விட அவர்களையே வாங்கச் சொல்வது நல்லது. விலை சற்றுக் கூடினாலும், மாற்றிய பின் அதே குறியீடு திரும்பினால் பாகத்தையும் கூலியையும் சேர்த்துக் கேட்க முடியும். நாமே வாங்கிக் கொடுத்த பாகம் என்றால் பெரும்பாலான பட்டறைகள் பொறுப்பேற்பதில்லை. மாற்றும் முன் நேரடித் தரவைப் பார்த்தார்களா, இணைப்பியில் மின்சாரத்தை அளந்தார்களா என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அளக்கவில்லை என்றால், அளப்பதற்கான கூலியைத் தனியாகக் கொடுத்தாவது அளக்கச் சொல்லலாம். தேவையற்ற ஓர் அசல் சென்சாரின் விலையை விட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.