268,000 கிலோமீட்டர் ஓடிய டொயோட்டா வியோஸ்

2011இல் பதிவான இரண்டாம் தலைமுறை டொயோட்டா வியோஸை 2019இல் நான் வாங்கியபோது, மீட்டர் 148,000 கிலோமீட்டரைக் காட்டியது. இன்று அது 268,000ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குச் சென்று வந்ததிலும், பள்ளி விடுமுறைகளில் மலேசியாவின் ஈப்போவிலுள்ள அக்கா வீட்டுக்குக் குடும்பத்துடன் போய்வந்ததிலும் ஏறிய தூரம் இது.

இன்ஜினைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இந்த 1.5 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆனால், அந்தச் சங்கிலி தேயாமல் இருப்பதற்கும் தளராமல் இருப்பதற்கும் ஆயில்தான் ஆதாரம் என்பதால், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றுகிறேன்.

என்னை அலைக்கழித்தது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்தான். சென்ற ஆண்டு அதன் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கியது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மாற்றிய பிறகும் இறங்கியது. பின்னர் காக்கி புக்கிட்டில் வேறொரு பட்டறைக்காரர் டார்ச் அடித்து, தண்ணீர்ப் பம்பின் அடியில் உப்புப் பூத்ததுபோல் ரோஸ் நிறத்தில் காய்ந்திருந்த தடத்தைக் காட்டினார். கசிந்த கூலண்டின் நீர் இன்ஜின் சூட்டில் ஆவியாகி, அதன் நிறம் மட்டும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பம்பை மாற்றிய பிறகு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தைவிட, முதலில் பார்த்தவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

மற்றபடி, முதுமை தெரிவது ரப்பர் பாகங்களில்தான். சிவப்பு விளக்கில் கியரை எடுக்காமல் பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பாகமான இன்ஜின் மவுண்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பவருக்குப் பழுதுச் செலவைவிடப் பெரியது, கார் வைத்திருக்கக் கட்டாயமான, 10 ஆண்டுகளுக்குச் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவு. 10 ஆண்டுகளுக்குப் பதிலாக 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால் பாதித் தொகைதான். ஆனால், அந்த 5 ஆண்டுகள் முடிந்ததும் மீண்டும் புதுப்பிக்க முடியாது. எப்படிப் புதுப்பித்தாலும், காரைப் பதிவுநீக்கும்போது கிடைக்கவேண்டிய பதிவுக் கட்டணக் கழிவை இழக்க நேரிடும். இதையெல்லாம் கணக்கிட்டே 2021இல் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். 10 வயதைக் கடந்த காருக்குச் சாலை வரியில் கூடுதல் கட்டணம் 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறும். என்னுடையது 14 வயதைக் கடந்துவிட்டதால் உச்சவரம்பான 50 விழுக்காட்டைச் செலுத்துகிறேன். பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு.

இதே காரைத் தேடுவோர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் பராமரிப்பு ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லாத 120,000 கிலோமீட்டர் காரைவிட, ரசீதுகளுடன் வரும் 220,000 கிலோமீட்டர் காரையே நான் எடுப்பேன். என் சான்றிதழ் 2031 வரை இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு முன் முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்ற நாள் குறித்துவிட்டேன்.