மொட்டைமாடிக்கு ஒரு மெர்லின்

காசு வாங்காத, விளம்பரம் காட்டாத, போனில் இடம் அடைத்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளக்கூடிய ஆப் எது என்று யாராவது கேட்டால் நான் மெர்லின் பேர்ட் ஐடியைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் கொண்டுவந்தது. போட்டோவைக் கொடுத்தால் என்ன பறவை என்று சொல்லும். போட்டோ இல்லையென்றால் நிறம் என்ன, அளவு என்ன, தரையில் மேய்ந்ததா கிளையில் இருந்ததா என்று விசாரித்துச் சொல்லும். அதெல்லாம் சரி, 2021-இல் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் சவுண்ட் ஐடி என்று ஒன்றைச் சேர்த்தார்களே, எனக்கு இந்த ஆப் என்றால் அதுதான்.

ஏனென்றால் சென்னை மாதிரி ஊரில் பறவை பார்ப்பது பாதிக்கு மேல் காதால்தான். செம்போத்து புதருக்குள் உட்கார்ந்துகொண்டு ஊப் ஊப் என்று அடித்தொண்டையில் கூப்பிடும், வெளியே வராது. குக்குறுவான் அரசமரத்து உச்சியில் எங்கோ இருந்துகொண்டு பாத்திரக்கடையில் செம்பு தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று நிறுத்தாமல் தட்டும், உடம்பு இலைப்பச்சை என்பதால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. தையல்சிட்டு கட்டைவிரல் பருமன்தான், குரலோ மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

விடிகாலையில் மாடிக்குப் போய் பட்டனை அழுத்தினால் திரையில் சாம்பல் பட்டை ஒன்று ஓடும், கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற பறவை மறுபடி கத்தினால் அந்தப் பெயர் மட்டும் மஞ்சளாக மின்னும். காது பழகுவது இந்த மின்னலில்தான். கோடையில் ஆண்குயில் கூவுவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கிக் கிக் கிக் என்று பதறிக்கொண்டு பறப்பதும் குயில்தான், பெண்குயில், என்பது பலருக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் மின்னும்போது விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான்: ஒலியைப் படமாக மாற்றுகிறது. இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. நிபுணர்கள் பெயர் குறித்துவைத்த ஏராளமான ஒலிப்பதிவுகளை இப்படிப் படமாக்கிப் பழக்கியிருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு குரலின் கோலமும் அதற்கு அத்துப்படி. அதோடு உங்கள் பகுதியில் இந்தப் பருவத்தில் என்னென்ன பறவைகள் இருக்கும் என்பதை, இ-பேர்ட் என்ற இணையதளத்தில் மக்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பதிந்த கணக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆப் மேல் எனக்குத் தனி மரியாதை வருவது அக்டோபர் வாக்கில். வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் ஆறுமணிக்குருவி அப்போதுதான் வந்து சேரும். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று அத்தனை வண்ணம் இருந்தும் கண்ணில் படாது, மர நிழலில் சருகைக் கிளறிக்கொண்டே இருக்கும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது ரெண்டே சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அவ்வளவுதான். கிண்டி, அடையாறு பக்கம் மரம் அடர்ந்த வளாகத்துக்குள் நடப்பவர்கள் அந்த நேரத்தில் சவுண்ட் ஐடியைப் போட்டு வைத்தால் எந்தப் பக்கம் மெதுவாக நகரவேண்டும் என்றாவது தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. கரிச்சான் வல்லூறு மாதிரிக் கத்தி ஏமாற்றும், மனுஷனே ஏமாறும் இடத்தில் ஆப்பைச் சொல்லி என்ன பயன். தவிட்டுக்குருவிக் கூட்டம் பக்கத்தில் சண்டை போட்டால் தூரத்துக் குரல் எல்லாம் அமுங்கிவிடும், பஸ் ஹாரன் அடித்தாலும் அதே கதிதான். அளவு கேட்கும் இடத்தில் 'ராபின் அளவா' என்று வருவதும் நமக்குக் குழப்பம்: அது அமெரிக்க ராபின், கிட்டத்தட்ட நம் மைனா அளவு, நம்மூர்க் கருஞ்சிட்டை மனதில் வைத்துப் பதில் சொன்னால் வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

அதனால் பெயர் வந்ததும் நம்பிவிடாமல் அதைத் தொட்டு, உள்ளே இருக்கும் மாதிரிக் குரல்களைப் போட்டுக் கேளுங்கள். முக்கியமாக, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு சமயத்தில் மெர்லின் சொன்னதையெல்லாம் அப்படியே இ-பேர்டில் ஏற்றாதீர்கள். வழக்கத்துக்கு மாறான பெயர் வந்தால் அதைச் சரிபார்க்கத் தன்னார்வலர்கள்தான் உட்காரவேண்டும், அவர்களுக்கு எதற்கு வீண் வேலை. நீங்களே பார்த்ததையோ காதால் அடையாளம் கண்டதையோ மட்டும் எழுதினால் போதும், கால் மணி நேரப் பட்டியலே அந்தக் கணக்கெடுப்புக்குச் செல்லும். இன்னொன்று, நம் பகுதிப் பறவைகளின் தகவல் அடங்கிய பேக்கை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். அப்புறம் காட்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.