ஜன்னல் மூடிய ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர்: சொல்வதா, பொறுப்பதா, இடத்தை மாற்றுவதா?

கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் தைலம் தடவினால் ஃபேன் காற்று அதை எங்கேயாவது கொண்டுபோய்விடும். குன்னூரில் அப்படி இல்லை. இங்கே பல ஆபீஸ்களில் ஃபேனே கிடையாது. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை வெளுத்து வாங்கும், அது ஓய்ந்தால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. வருஷத்தில் பாதிக்கு மேல் ஜன்னல் மூடியே கிடக்கும். உள்ளே எட்டுப் பேர், ஒரு ஹீட்டர், நனைந்த குடைகள், காயாத ஸ்வெட்டர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பழக்கம்.

இப்படி ஒரு அறையில் கூட வேலை செய்பவரின் பழக்கம் நம்மைப் படுத்தினால் பொதுவாக ஐந்து வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறோம்: வாயை மூடிப் பொறுத்துப் போவது, ஜாடையாகக் காட்டுவது, தனியாகக் கூப்பிட்டு நேரில் சொல்வது, சீட்டையோ ஏற்பாட்டையோ மாற்றிக்கொள்வது, மேலதிகாரியிடம் போவது. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது, பழக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: அந்த ஆள் நினைத்தால் இன்றைக்கே நிறுத்தக்கூடிய விஷயமா, இல்லையா? நிறுத்தக்கூடியது என்றால் நேரில் சொல்லிவிடலாம், இல்லையென்றால் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். ஜாடை மட்டும் எந்தப் பழக்கத்துக்கும் ஆகாது, ஆனால் நம் ஆபீஸ்களில் அதிகம் நடப்பது அதுதான்.

சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஒப்பிடச் சுலபமானது. மொபைலில் ரீல்ஸை ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பவரைப் பொறுத்துப் போவதில் எந்த நியாயமும் இல்லை. இதற்குத் தனியாகக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை, அந்த நேரத்திலேயே சாதாரணக் குரலில் "அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, கணக்கு தப்புது" என்றால் முடிந்தது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு பதினோராவது நாள் சொன்னால்தான் அது சண்டையாக வரும், ஏனென்றால் அப்போது நம் குரலில் பத்து நாள் எரிச்சலும் சேர்ந்து வரும். அந்த அண்ணனுக்கோ இது முதல் தடவை கேட்பது.

ஆனால் மெல்லும் சத்தம், டீயை உறிஞ்சும் சத்தம், வர்க்கி பிஸ்கட்டைக் கடிக்கும் மொறுமொறுப்பு, இதெல்லாம் வேறு வகை. ஊட்டி வர்க்கியைச் சத்தம் வராமல் தின்ன யாராலும் முடியாது. சிலருக்கு மட்டும் இந்தச் சத்தம் கேட்டாலே உடம்பு முழுக்கக் கோபம் ஏறும், எழுந்து ஓடத் தோன்றும். அதற்கு மிசோஃபோனியா என்று பெயர். பவெல், மார்கரெட் ஜஸ்ட்ரெபாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வைத்த பெயர் அது. இதை உண்மையான பிரச்சினையாகவே மருத்துவ உலகம் இன்று பார்க்கிறது. உங்களுக்கு அப்படி இருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் மீது எந்தக் குறையும் இல்லை, உங்கள் மீதும் இல்லை. இங்கே "மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்வதைவிட ஹெட்போன் நல்லது, அதையும்விட சீட் மாறுவது நல்லது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் "எனக்கு இந்தச் சத்தம் கேட்டா ஒரு மாதிரி ஆயிடும், அதான் நான் அந்தப் பக்கம் போய் உக்கார்றேன்" என்று நம்முடைய விஷயமாகச் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லாமல் திடீரென்று சீட்டை மாற்றினால் அந்த அக்கா வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க யோசிப்பார்.

வாடை விஷயம்தான் கஷ்டமானது.

மழைக்காலத்தில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியில் ஒரு வாடை வரும், அதை உடுத்தி மேலே ஸ்வெட்டர் போட்டு, படியேறி வேர்த்து, பிறகு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது எழும்பும். பாலியெஸ்டர் கலந்த துணி கம்பளியைவிட வேர்வை வாடையை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டரும் ஜெர்க்கினும் பெரும்பாலும் அந்த ரகம்தான். இதில் அந்த ஆளின் சோம்பல் எவ்வளவு, வானிலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் "குளிக்கவே மாட்டான்" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. மூக்கு ஒரு வாடையிலேயே இருந்தால் கொஞ்ச நேரத்தில் பழகி அதை உணராமல் போய்விடும். அதனால் தன் வாடை தனக்குத் தெரியாது. ஜாடை தோற்றுப்போகும் இடம் இதுதான். மூக்கைப் பொத்திக்கொள்வது, அவர் வந்ததும் ரூம் ஸ்பிரே அடிப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் சுத்தத்தைப் பற்றி ஃபார்வர்டு போடுவது, பொங்கலுக்கு சென்ட் பாட்டில் பரிசு கொடுப்பது என்று என்னென்னவோ செய்கிறோம். சம்பந்தப்பட்டவருக்கு எதுவும் உறைக்காது, ஏனென்றால் அவருக்கு வாடையே தெரியவில்லை. அந்த ஃபார்வர்டைப் படித்துவிட்டு ஏற்கெனவே தினமும் துணி மாற்றி வரும் வேறொருவர் "என்னைத்தான் சொல்றாங்களோ" என்று கூசிப்போவார். கடைசியில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாமல் இருந்து, ஒருநாள் எப்படியோ தெரியவரும். வாடையைப் பற்றிச் சொன்னதைவிட இத்தனை பேர் இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் மனிதரை உடைக்கும். நேரில் சொல்வது கொடூரம், ஜாடை நாகரிகம் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: நேரில் சொன்னால் அந்த ஆள் ஒருவர் முன்னால் கால் மணி நேரம் சங்கடப்படுவார், ஜாடையில் எல்லோர் முன்னாலும் மாதக்கணக்கில் அவமானப்படுகிறார்.

சரி, நேரில் எப்படிச் சொல்வது? ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். ஆணிடம் ஆண், பெண்ணிடம் பெண், முடிந்தால் அவருக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். காலையில் சொல்லக் கூடாது, சொன்னால் அன்று முழுக்க அதே சட்டையோடு அதே சீட்டில் கூனிக்குறுகி உட்கார வேண்டிவரும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொல்லலாம், வீட்டுக்குப் போய் ஏதாவது செய்துகொள்ள அவருக்கு ஒரு ராத்திரி கிடைக்கும். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. மழையில துணி காயாம ஸ்வெட்டர்ல ஒரு வாடை வருது. நமக்கே தெரியாது பாரு, அதான் சொல்றேன்." இவ்வளவு போதும். "எல்லாரும் சொல்றாங்க" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். சொன்ன பிறகு அதே நடையில் வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும், மறுநாள் காலை முதல் ஆளாக அவரிடம் போய் எதையாவது பேச வேண்டும். சொல்வதைவிட இந்த மறுநாள் பேச்சு முக்கியம் என்பேன்.

வாய் நாற்றமும் இப்படித்தான், பெரும்பாலும் ஈறு, நாக்கு, சொத்தைப் பல் சம்பந்தப்பட்டது, பல் டாக்டரிடம் போனால் தீரக்கூடியது, சொல்ல ஆளில்லாமல் வருஷக்கணக்கில் நீள்கிறது. குளித்து, துணி மாற்றியும் வாடை போகவில்லை என்றால் உடம்பில் வேறு கோளாறு இருக்கலாம். நாம் டாக்டர் வேலை பார்க்காமல் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

தைலமும் அந்துருண்டையும் இந்தக் கணக்கில் சேராது. நீலகிரித் தைலம் தடவுபவர் தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் தடவுகிறார், அவருக்கு அது மருந்து. "தடவாதீங்க" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை, "டீ டைம்ல வெளியே வச்சுத் தடவிக்கறீங்களா அக்கா, எனக்குக் கண்ணு எரியுது" என்று கேட்கலாம். பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரில் அந்துருண்டை வாடை என்றால் ஒரு நாள் வெயிலில் விரித்துப் போட்டால் பெருமளவு போய்விடும். சீசனுக்கு ஒருமுறை வரும் விஷயம், பொறுத்துப் போவதே சரி. பொறுமை நல்ல வழியாக இருப்பது இந்த மாதிரி தானாக முடிந்துவிடும் விஷயங்களில்தான்.

அடுத்தது சாப்பாடு. மழை நாளில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து மூடிய அறையில் டப்பாவைத் திறந்தால் மூன்று மணி வரை வாடை நிற்கும், உண்மைதான். ஆனாலும் இங்கே நேரில் சொல்வதை நான் முழுக்க எதிர்க்கிறேன். ஸ்வெட்டர் வாடையைச் சொல்வதும் ஒருவரின் சோற்றைச் சொல்வதும் ஒன்றல்ல. நம் ஊரில் "அந்தச் சாப்பாடு நாறுது" என்ற பேச்சுக்குப் பின்னால் சாதி இருக்கிறது, சொல்பவர் அப்படி நினைக்காவிட்டாலும் கேட்பவருக்கு அது அப்படித்தான் கேட்கும், ஏனென்றால் பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் அதைக் கேட்டு வந்திருப்பார். சைவ ஆபீஸ் என்று எழுதாத சட்டம் போடுவது இன்னும் மோசம். இதற்கு ஏற்பாடு மட்டும்தான் வழி. சீட்டில் யாருமே சாப்பிடக் கூடாது, சாம்பார் சாதம் என்றாலும் வர்க்கி என்றாலும். எல்லோரும் சாப்பிட ஒரு தனி இடம், அந்த ஒரு ஜன்னல் மட்டும் அரை மணி நேரம் திறந்திருக்கட்டும். தனி அறை இல்லாத ஆபீஸில் ஃபைல் ரூம் ஓரமாக ஒரு மேஜை போட்டாலும் போதும். விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் குறி ஆவதில்லை.

ஹீட்டரும் ஜன்னலும் அதே மாதிரிதான், பேசித் தீராது. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவருக்குப் புழுக்கமாக இருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் மலை ஏறி வருபவருக்கு நடுங்கும், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆளுக்கொரு ஹீட்டர் என்றால் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் ஆகிறது, இரண்டை ஒரே லைனில் போட்டால் 16 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) தாங்காது, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். குளிர் தாங்காதவர் ஹீட்டர் பக்கம், புழுக்கம் என்பவர் ஜன்னல் பக்கம் என்று சீட்டை மாற்றிப் போட்டுவிட்டு, காலை டீக்கும் மாலை டீக்கும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறப்பது என்று ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். மூடிய அறையில் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத் தலை கனக்கும், தூக்கம் வரும். அதைப் பக்கத்து சீட்டுக்காரரின் மீதான எரிச்சல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது: மூடிய அறைக்குள் கரியில் கணப்பு மூட்டினால் அந்த நிமிஷமே வெளியே எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மேலதிகாரியிடம் போவதைப் பலர் முதல் வழியாக வைத்திருக்கிறார்கள், எனக்கு அது கடைசி வழி. நகம் கடிப்பதற்கும் தொண்டையைச் செருமுவதற்கும் மேலே போனால் அது மெமோவாக மாறும், அப்புறம் அந்த ஆளை அருவங்காடு பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கல்யாண வீட்டிலும் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஊர்கள் சிறியவை. ஆனால் சில விஷயங்கள் பழக்கம் என்ற பேரில் வந்தாலும் பழக்கம் அல்ல. ஆபீஸுக்குள் சிகரெட் பிடிப்பதை 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் தடுக்கின்றன, 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. "குளிருக்கு ஒண்ணு" என்ற சமாதானத்துக்கு அதில் இடமில்லை. ஒட்டி உரசி நிற்பது, தோளில் கை போடுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, இதையெல்லாம் "அவர் சுபாவமே அப்படி" என்று ஒரு பெண்ணிடம் சொல்லிச் சமாதானப்படுத்தக் கூடாது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இங்கே பொறுப்பதும் ஜாடையும் தனியாகப் பேசிப் பார்ப்பதும் அந்தப் பெண்ணின் கடமை இல்லை.

மற்ற விஷயங்களில் நேரில் ஒருமுறை சொல்லியும் மாறவில்லை என்றால் கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை சொல்லலாம், மூன்றாவது முறை சொல்வதில் பயனில்லை. அதற்குப் பிறகு மேலதிகாரியிடம் போனாலும் அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் புகாராகக் கொண்டுபோகாமல், "எனக்கு அந்த ஜன்னல் பக்கத்து சீட் வேணும் சார்" என்று நமக்குத் தேவையானதைக் கேட்டு வாங்குவது நல்லது. காரணம் கேட்டால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை என்று சொன்னால் போதும், பெரும்பாலான அதிகாரிகள் அதற்கு மேல் துருவ மாட்டார்கள்.