மெழுகைச் சுரண்டிப் பார்க்காமல் கிடார் மரம் வாங்காதீர்கள்

வீட்டிலேயே எலக்ட்ரிக் கிடார் பாடி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் கிடாருக்கு மரம் தேடிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். போன அக்டோபரில் ஆன்லைனில் ஒருவரிடம் ஃபிளேம் மேப்பிள் பலகையும் மகோகனியும் வாங்கினேன். கூரியரோடு சேர்த்து 17,700 ரூபாய். பணமும் போனது, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது அங்கே முடியட்டும். அவர் எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இதே வேலையை நாளைக்கு இன்னொருவர் உங்களிடம் காட்டலாம்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். மொட்டைமாடி ஷெட்டில் இதுவரை இரண்டு பாடி செய்திருக்கிறேன். இரண்டுமே பழைய வீட்டுக் கதவிலிருந்து எடுத்த தேக்கு. மூன்றாவது, அக்கா மகனுக்கு. அவன் சர்ச்சில் வாசிக்கிறான். "மாமா, கோடு கோடா நெருப்பு மாதிரி மின்னுமே, அந்த மரத்துல செஞ்சு குடுங்க" என்று கேட்டான். அவன் சொன்னது ஃபிளேம் மேப்பிள். 1958 முதல் 1960 வரை கிப்ஸன் கம்பெனி செய்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் கிடார்கள் பலவற்றின் முகத்தில் இருப்பது அந்த மரம்தான். கீழே மகோகனி, மேலே மேப்பிள். இன்றைக்கும் வீட்டில் கிடார் செய்கிற பாதிப் பேர் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மரக்கடைக்குள் நுழைகிறார்கள்.

அந்தக் கோடுகள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால்தான் மோசடியும் புரியும். சில மரங்களில் நார் நேராக ஓடாமல் அலை அலையாக ஓடும். அறுத்து இழைத்தால் ஒவ்வொரு அலையிலும் ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மறுபக்கம் உள்ளே வாங்கிக்கொள்ளும். பலகையைக் கையில் வைத்துச் சாய்த்தால் வெள்ளைக் கோடு கறுக்கும், கறுத்த கோடு வெளுக்கும். அச்சடித்த ரேகை அப்படி இடம் மாறாது. ஃபெண்டர் கம்பெனி 1990களில் 'ஃபோட்டோ ஃபிளேம்' என்று அச்சு ரேகையோடு கிடார்களை விற்றது. பெயரிலேயே சொல்லித்தான் விற்றார்கள், அதில் குற்றமில்லை. சாய்த்துப் பார்ப்பது என்கிற சோதனை எனக்குத் தெரியும். அதை மட்டுமே நம்பியதுதான் என் தப்பு.

விற்றவர் வேறு ஊர்க்காரர். படங்கள் அபாரமாக இருந்தன. வீடியோவில் பலகையின் மேல் ஸ்பிரிட்டைத் துணியால் தடவி, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டினார். கோடுகள் ஓடின. '5ஏ கிரேடு' என்றார். இந்த ஏக்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு விற்பனையாளரும் தன் கண்ணுக்குப் பட்டதைப் போட்டுக்கொள்வதுதான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் அந்த எழுத்து மனதில் வேலை செய்தது. 12 மில்லிமீட்டர் கனத்தில் முழு மேப்பிள், புத்தகம் விரித்த மாதிரி இரண்டாகப் பிளந்து நடுவில் ஒட்டியே தருகிறேன் என்றார். மகோகனி கில்னில், அதாவது மரம் உலர்த்தும் சூளையில் காயவைத்தது, ஈரம் 8 சதவீதம் என்றார். பேச்சோடு பேச்சாக, சுருள் ரேகை உள்ள செம்மரத் துண்டு ஒன்று இருக்கிறது, பில் இல்லாமல் தருகிறேன், கம்பியை அழுத்துகிற விரல் பலகைக்கு ஆகும், வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காகிதம் இல்லாத செம்மரம் வீட்டில் இருந்தால் வனத்துறை வழக்கு நம் தலையில் விழும். அதைத் துணிந்து கேட்கிற ஆளிடம் அன்றைக்கே பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டி வந்தபோது இரண்டு பலகைகளின் நான்கு ஓரங்களிலும் சிவப்பு மெழுகு தடிமனாகப் பூசியிருந்தது. தலைப்பக்கத்தில், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முனையில், மெழுகு பூசுவது நல்ல பழக்கம். மரத்தின் ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வேகம் அதிகமானால் தலை வெடிக்கும். மெழுகு அதைத் தடுக்கும். அதனால் பார்த்ததும் 'விவரமான ஆள்' என்றுதான் நினைத்தேன். ஆனால் நீளவாட்டு ஓரங்களில் மெழுகு எதற்கு? அங்கே அதற்குப் பெரிய தேவை இல்லை. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது டிசம்பரில்தான்.

மேப்பிளின் பின்பக்கம் ரம்பத் தடத்தோடு கரடாக இருந்தது. ஒட்டுவதற்காக அதை இழைத்துச் சமன் செய்தபோது ரேகையே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணா, ஒரு பக்கம் நல்லா இருக்கும், ஒரு பக்கம் மங்கும், மரம்னா அப்படித்தான்" என்றார். ஒரு பக்கத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் 12 மில்லிமீட்டருக்குள் அலை முழுதாகக் காணாமல் போகாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஊசியால் கீறியது போலச் சின்னச் சின்னத் துளைக்கோடுகள். மேப்பிளில் துளைகள் மிக நுண்ணியவை, வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரியாது. பார்த்தேன், ஒரு நிமிடம் யோசித்தேன், பசையைத் தடவினேன்.

இருபது கிளாம்ப் போட்டு ஒட்டி, மூன்று நாள் விட்டு, பேண்ட்சாவில் வெளிவடிவத்தை அறுத்தேன். கிடாரின் கழுத்து (நெக்) உட்காரும் பள்ளமான நெக் பாக்கெட்டை ரூட்டர் மெஷினில் 16 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தேன். நெக் உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது, தூக்கினால் பாடியும் கூடவே வந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று அன்றைக்கு அக்கா மகனுக்குப் படம் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு, வலது கை சாய்கிற இடத்தில் சரிவு எடுத்தேன். இழைப்புளியை இரண்டு தடவை தள்ளியிருப்பேன். நெருப்புக் கோடுகள் நடுவில் ஒரு தீவு போல வெளிர் மஞ்சள் திட்டு வந்தது. முதலில் பசை கசிந்திருக்கிறதோ என்று நினைத்து உப்புத்தாள் போட்டேன். திட்டு பெரிதானது. தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. அசல் ரேகை மரம் முழுக்க இறங்கும். எவ்வளவு இழைத்தாலும் கோடு கொஞ்சம் நகருமே தவிர அழியாது. டார்ச் அடித்து ஓரத்தைப் பார்த்தேன். மேலே அரை மில்லிமீட்டர் கூடத் தேறாத ஒரு தோல், அதற்கடியில் முடி கனத்தில் பசைக்கோடு, அதற்கும் கீழே வேறு மரம். தோல் மட்டும் அசல் ஃபிளேம் மேப்பிள் வெனீர், அதாவது தாள் மாதிரி மெல்லிசாகச் சீவிய மரம். அதனால்தான் சாய்த்தபோது கோடுகள் ஓடின.

கீழே இருந்த மரத்தை எங்கள் தெருவில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு "ரப்பர் மரமுங்க, கட்டில் சோபாவுக்குப் போடறது" என்றார். பிறகு பாடியை இரண்டு கையாலும் தூக்கினார். "கண்ணு, இது இன்னும் தண்ணி குடிச்சிட்டு இருக்குது. மெழுகச் சுரண்டிப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவே மகோகனியில் அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்தேன். சமையலறைத் தராசில் 206 கிராம். ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை மணிக்கொரு தரம் நிறுத்தேன். கடைசியில் 174 கிராம். போன தண்ணீர் 32 கிராம், அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 18.4 சதவீதம். அறுத்துப் பத்து நாள் ஷெட்டில் கிடந்த துண்டிலேயே இவ்வளவு என்றால் வந்த அன்று எவ்வளவு இருந்திருக்கும்! 8 என்று சொல்லி விற்ற மரம் இது. ஈரம் பார்க்கும் பின் மீட்டர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இருந்தாலும் அதன் ஊசிகள் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் மரத்தில் முகத்தில் குத்தினால் நல்ல எண்ணையே காட்டும். தலைப்பக்கத்தில் ஒரு அங்குலம் அறுத்துத் தள்ளிவிட்டு, புதிதாக வந்த முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும்.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். அதுவரை நான் அவருக்கு 'அண்ணா'. அன்றிலிருந்து 'சார்' ஆகிவிட்டேன். "சார், இழைச்ச மரத்தத் திருப்பி எடுக்க மாட்டோம்." இழைக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நாங்க ஃபிளேம் டாப்னுதான் சொன்னோம், சாலிட்னு சொல்லலையே." பழைய வாட்ஸ்அப் செய்தியில் 'முழு மேப்பிள் 12 எம்எம்' என்று அவரே எழுதியிருந்ததை எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான்.

இந்த இழுபறியில் தை பிறந்தது, மழைக்காலக் காற்று போய் வறண்ட காற்று வந்தது, மகோகனி தன் ஈரத்தை விட ஆரம்பித்தது. மேலே ஒட்டிய பலகை ஏற்கெனவே காய்ந்தது, அது சுருங்கவில்லை. கீழே இருந்தது சுருங்கியது. மாசியில் இரும்பு ஸ்கேலை முதுகில் குறுக்காக வைத்தேன். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, பாடி கிண்ணம் போலப் பின்பக்கம் குழிந்திருந்தது. நவம்பரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போன நெக் இப்போது பாக்கெட்டுக்குள் இறங்கவே இல்லை. 56 மில்லிமீட்டர் அகலத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே அவ்வளவுதான். வெனீரை மன்னித்து, சரிவு எடுக்காமல் தட்டை முகமாக முடித்திருந்தாலும் இந்தப் பாடி தப்பியிருக்காது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெனீர் கெட்ட பொருள் இல்லை. விலை குறைந்த நல்ல கிடார்கள் பலவற்றில் வெனீர்தான் இருக்கிறது, கேட்டால் கம்பெனிக்காரர்களே சொல்லுவார்கள். நானே 800 ரூபாய்க்கு வெனீர் ஷீட் வாங்கி, சரிவு இல்லாத டெலிகாஸ்டர் வடிவத்தில் ஒட்டியிருப்பேன். அதை முழு மரம் என்று சொல்லி 11,000 வாங்கியதும், கேள்வி வரக்கூடிய ஒவ்வொரு ஓரத்தையும் மெழுகால் மூடி அனுப்பியதும்தான் குற்றம். தெரியாமல் நடந்திருந்தால் நீளவாட்டு ஓரத்தில் மெழுகு இருந்திருக்காது.

அதனால் ரேகை மரம் வாங்குகிறவர்கள் முகத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெழுகு இல்லாத தலைப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள், முடிந்தால் அறுக்கும்போதே வீடியோ கேளுங்கள். வருட வளையக் கோடுகள் எங்கேயும் அறுபடாமல் போக வேண்டும். மேல்முகத்தை ஒட்டி, அந்த வளையங்களை வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடினால் அது பசை. ஸ்பிரிட் தடவாத உலர்ந்த பலகையையும், அதன் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒட்டித் தருகிறேன் என்றால் ஒட்டாமலே கொடுங்கள் என்று கேளுங்கள். ஓரத்தை நீங்களே இழைத்துச் சேர்க்கும்போது உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பார்சலைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள், இது எனக்கு இல்லாமல் போய் ஆணையத்தில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

வந்த அன்றே எடை போட்டுப் பலகையிலேயே பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். மகோகனியில் துண்டுக்குத் துண்டு எடை மாறும், அதனால் ஒரு தடவை நிறுப்பதில் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் காய்கிறது, அதில் பசை படக்கூடாது. செலவே இல்லாத சோதனை இது. இதை மட்டும் செய்திருந்தால் நவம்பரிலேயே நான் வேலையை நிறுத்தியிருப்பேன்.

புகார் விஷயம் சுருக்கமாக: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அதன் பிறகுதான் அந்த ஆள் வாய் திறந்தார், 4,000 தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்று. மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். ஓவனில் போட்ட துண்டு, வெனீர் தெரியும் ஓரம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உள்ளே போயிருக்கின்றன. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா மகனிடம் நடந்ததைச் சொன்னேன். "பரவால்ல மாமா, எந்த மரம்னாலும் சரி" என்றான். அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆசாரி என்னை அவருக்குத் தெரிந்த சா மில்லுக்குக் கூட்டிப்போனார். மூன்று வருடமாகக் கூரைக்கடியில் கிடந்த மாம்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு, என் கண் முன்னால் தலையை அறுத்துக் காட்டினார்கள். ஓரம் இழைத்ததும் லேசான சுருள் ரேகை தெரிந்தது, பின்பக்கமும் தெரிந்தது. ஹவாயில் இந்த மாதிரி மாமரத்திலும் யுகலேலே என்கிற சின்னக் கிடார் செய்கிறார்கள். மேப்பிள் அளவுக்கு மின்னாது, ஆனால் பொன்னிறத்தில் பழுப்புக் கீற்று ஓடுகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்து எழுதுகிறேன். முதல் வாரம் 5 கிலோ 310 கிராம். அப்புறம் 5.270, 5.250. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் 5.240. நாளைக்கு அவனும் வருகிறேன் என்றான், இரண்டு பேருமாக அறுக்கப்போகிறோம்.