சமச்சீர், என்சிஇஆர்டி, கான் அகாடமி: வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க எதில் எதை எடுக்கலாம்?

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் மதுரைக் குடும்பங்கள் 3 முதல் 5ஆம் வகுப்புக் கணக்குக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைப்பதே போதும். ஆனால் மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து ஒன்றாக ஓட்டக்கூடாது. அதே பெருக்கலை மூன்று தடவை பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கே சலித்துவிடும். வரிசைக்கு ஒரு புத்தகம், மற்றவை தேவைக்கு மட்டும்.

வரிசைக்குத் தமிழக அரசின் சமச்சீர் புத்தகம். பிறகு இங்கே ஒரு பள்ளியில் சேர்ந்தால் ஈவு, மீதி, தொகுதி, பகுதி என்ற சொற்கள் பழகியிருக்கும். பிடிஎஃப் இலவசம். குறை ஒன்று உண்டு: கழித்தல் பாடத்தில் எல்லாமே கழித்தல் கணக்கு என்பதால், பிள்ளை கேள்வியைப் படிக்காமலே கழிக்கும். பத்துக் கணக்கு கொடுத்தால் அதில் நான்கை முந்தைய பாடங்களிலிருந்து கலந்து கொடுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது கவனம். கடையில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கிவிடுவார்கள். அளவுகோல் படத்தில் 10 செ.மீ. என்று இருப்பது தாளில் 9.5 ஆகிவிடும், பிள்ளை சரியாக அளந்தாலும் விடை தப்பாகத் தெரியும். நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லி, முதல் தாளை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள்.

யோசிக்க வைப்பதில் மத்திய அரசின் என்சிஇஆர்டி வெளியிடும் 'மேத்ஸ் மேளா' புத்தகம் மேல். மூன்றாம் வகுப்புக்கு 2024இல் வந்தது. விலை 65 ரூபாய், பிடிஎஃப் இலவசம். சம பங்கு பிரிக்கும் பாடத்தை அவசியம் எடுங்கள். ஹரியானாவின் சூரஜ்குண்ட் சந்தை பற்றிய பாடத்தை நடத்தும்போது நம்மூர் சித்திரைப் பொருட்காட்சியைச் சொன்னால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். இரு பக்கமும் ஒத்திருக்கும் சமச்சீர்மையைக் காட்ட வாசல் கோலமே போதும். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 'மேத் மேஜிக்' என்சிஇஆர்டியின் முந்தைய பாடநூல். கணக்குகள் நல்லவை, பாட வரிசை வேறு.

கான் அகாடமி என்ற இலவச இணையதளம் பயிற்சிக்கு மட்டும். இந்தியப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க வரிசையில் 345,678 என்று கமா விழும். நம் பிள்ளை 3,45,678 என்று எழுதிப் பழகியது. லட்சம் முழுசாகப் பிடிபடும் முன் மில்லியனைக் காட்டினால் இரண்டும் குழம்பும். குறிப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தி விடைக்குப் போகும் பழக்கமும் வந்துவிடும். நோட்டில் போட்டுக் காட்டிய பிறகே திரையில் விடை என்று வையுங்கள்.

சிங்கப்பூர் கணக்குப் புத்தகங்களை வரவழைத்து வாங்குவது இந்த பட்ஜெட்டுக்கு ஆகாது. அதில் எடுக்க வேண்டியது பட்டை வரைந்து கணக்குப் போடும் முறை. அதற்கு ஏ4 தாள் போதும். நீளவாக்கில் 3 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஏழு பட்டை வரும். ஒவ்வொன்றையும் 24 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். 24 ஏனென்றால் அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் 3: எல்லாமே முழு செ.மீ. மடித்துப் பார்த்தால் மூன்று பங்கு சமமாக வராது. அளந்து கோடு போடுங்கள்.

'பூக்காரம்மா மல்லிகையில் மூன்றில் இரண்டு பங்கை விற்றபின் 8 முழம் மிச்சம், மொத்தம் எத்தனை?' பட்டையில் மூன்று கட்டம், ஒரு கட்டம் 8, ஆக 24 முழம். 5ஆம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று எழுதும் பிள்ளைக்கும் இதே பட்டைதான் மருந்து. 12ம் 8ம் சேர்ந்து 20, அதாவது ஆறில் ஐந்து. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சின்னது. கூட்டினால் எப்படிக் குறையும் என்று பிள்ளையே கேட்கும்.

வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு 40 நிமிடம்: மூன்று நாள் சமச்சீர், ஒரு நாள் மேளா அல்லது பட்டை, கடைசி நாள் கான். ஜெராக்ஸ் பக்கம் 1 ரூபாய் என்றால் 120 பக்கத்துக்கு 120, மேளா 65, ஆக 185 ரூபாய். தாளும் நோட்டும் தனி.