பருவுக்கு "மூணு மருந்து சேர்ந்த கிரீம்" என்று நீட்டினால், பின்பக்கத்தைப் படியுங்கள்

மருந்துக்கடையில் "முகப்பருவுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், "இது மூணு மருந்து சேர்ந்தது, சீக்கிரம் கேக்கும்" என்று ஒரு ட்யூப் கைக்கு வருவது உண்டு. இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். ஏமாறுவது அங்கேதான். ட்யூபின் பின்னால் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் அல்லது ஃப்ளூசினோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால், அது மங்குவுக்கு, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரப்படும் கிரீம். பரு மருந்தே அல்ல.

அதிலுள்ள ஸ்டீராய்டு வீக்கத்தை மட்டும் அமுக்கி வைக்கிறது. வாரக்கணக்கில் தடவினால் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், மெலிந்த தோல், கன்னத்தில் தெரியும் ரத்த நாளங்கள், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகச் சிவப்பு. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். உடனே மறுபடி அதே ட்யூப்! பருவுக்கென்று உள்ள கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கிடையாது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளின் பெயர்களைப் பார்த்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடப்பது: கிளிண்டாமைசின் 1% ஜெல்லை மட்டும் தனியாகக் கொடுத்து, மாதக்கணக்கில் தடவச் சொல்வது. ஆன்டிபயாடிக்கைத் தனியே பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். கூடவே பென்சாயில் பெராக்சைடு இருந்தால் அந்த ஆபத்து குறையும், பலனும் கூடும். ஆன்டிபயாடிக் சேர்ந்த எதையும் 12 வாரத்துக்கு மேல் இழுக்காமல் டாக்டரிடம் மறுபடி காட்டுவது நல்லது.

நியாயமான கூட்டு ஏன் தனி மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்றால், பரு ஒரே காரணத்தால் வருவதில்லை. அடாபலீன் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்கிறது. அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% ஒரே ட்யூபில் வருவது அதனால்தான். ஆனால் எல்லோருக்கும் கூட்டு தேவையில்லை. வெறும் கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் என்றால் அடாபலீன் தனியாகவே போதும். சிவந்த பரு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும். 10% வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்: எரிச்சல்தான் கூடும், பலன் பெரிதாகக் கூடாது.

"செட்" என்று நாலைந்து பொருளைத் தலையில் கட்டும்போது ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு ட்யூபோடு தனி அடாபலீன் ஜெல், சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ் என்று சேர்ந்தால் முகம் உரிந்து எரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அடாபலீன் வகையைச் சேர்ந்த சாதாரண ட்ரெட்டினாயினைப் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் ட்ரெட்டினாயின் சிதைந்துபோகும். பென்சாயில் பெராக்சைடைக் காலையிலும் ட்ரெட்டினாயினை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பூசும் விதம்: இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், முழு முகத்துக்கும் பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைத்தால் அடுத்து வரப்போகும் பரு தடுக்கப்படாது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலே மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை வெளுத்துவிடும் (இதை யாரும் சொல்லித் தருவதில்லை). பலன் தெரிய 6 முதல் 8 வாரம், முழுதாக மதிப்பிட 12 வாரம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் அடாபலீனும் ட்ரெட்டினாயினும் வேண்டாம். அதற்குப் பதிலாக அசிலாயிக் அமிலம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு கிரீமை ஏற்கெனவே பல வாரமாகப் பூசிவருபவர்கள் அந்த ட்யூபைத் தூக்கி எறிய வேண்டாம். தோல் மருத்துவரிடம் அதையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம் என்பதைப் பார்த்துத்தான் உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார்.